குறைந்த செலவில் வீட்டுக் காவல் – மோர்னிங்சைட் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கான உரையின் எழுத்து வடிவம்



ஒரு தெருவில் களவு நடந்துவிட்டால், அடுத்த வாரமே அங்கு எச்சரிக்கை மணி விற்பவர்கள் கதவைத் தட்டத் தொடங்குவது ஸ்காபரோவில் வழமையான காட்சி. பயத்தில் இருக்கும் குடும்பத்தவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மாதாமாதம் பணங்கட்டும் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டு விடுகின்றனர். இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்துக்கு அது சிறு சுமையன்று. மணி ஒலித்தால் காவற்றுறை உடனே வந்து நிற்கும் என்ற நம்பிக்கையே அந்தக் கையெழுத்துக்குக் காரணம்.

அந்த நம்பிக்கை முழுதும் சரியானதன்று. 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ரொறொன்ரோ காவற்றுறை தனது நடைமுறையை மாற்றியது. மணி ஒலித்தது என்ற ஒரு செய்திக்காக மட்டும் அதிகாரிகள் அனுப்பப்படுவதில்லை. களவு நடக்கிறது என்பதற்கு ஒலிப்பதிவோ, காணொளியோ, ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் விழித்தெழுந்தமையோ, நேரிற் கண்ட சாட்சியோ வேண்டும். பொய்யான மணியோசைகளின் பின்னால் ஓடிக் களைத்ததன் விளைவு இது. ஆகவே கதவில் ஓர் உணரியும் சுவரில் ஒரு பெட்டியும் மட்டுமே கொண்ட மலிவான ஒப்பந்தம் எதை வாங்கித் தருகிறது என்று விற்பவரிடமே கேட்டுப் பார்க்கலாம். ஏற்கனவே கையெழுத்திட்டு விட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டு வாசலில் செய்யப்பட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாள்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம். அதனை எழுத்தில் அறிவிப்பது நல்லது.

அப்படியானால் கையிலுள்ள சிறு பணத்தை எங்கே செலவிடுவது? கதவு நிலையில்.

மோர்னிங்சைட் வீதியை அண்டிய தெருக்களில் 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட வீடுகள் பல உள்ளன. செங்கற் சுவர் உறுதியானது. ஆனால் பூட்டின் நாக்கு நுழையும் சிறு தகடு, மெல்லிய மரப்பலகை ஒன்றில், ஓர் அங்குலம்கூட நீளமில்லாத இரண்டு திருகாணிகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கும். ஒருவன் காலால் உதைக்கும்போது பூட்டு உடைவதில்லை, கதவும் உடைவதில்லை. அந்தப் பலகைதான் பிளக்கிறது. 200 டொலர் கொடுத்து வாங்கிய பூட்டும் அதே பலகையையே நம்பியிருக்கிறது. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு, நீளமான கனத்த தகடொன்றை வைத்து, 3 அங்குலத் திருகாணிகளால் இறுக்கினால் அவை பலகையைத் தாண்டிச் சுவரினுள்ளே நிற்கும் கட்டைமரத்தைப் பற்றிக்கொள்ளும். பிணைச்சல் ஒவ்வொன்றிலும் ஒரு குறுகிய திருகாணியை எடுத்துவிட்டு நீண்டதை இட வேண்டும். துளைக்கருவி இரவல் கிடைத்தால், ஒரு சனிக்கிழமைக் காலையில், ஏறக்குறைய 30 டொலருக்குள் ஒரு கதவு முடிந்துவிடும். டெட்போல்ட் பூட்டு இல்லாத கதவுக்கு அதுவும் வேண்டும்; அதன் நாக்கு ஓர் அங்குலமாவது வெளியே நீள வேண்டும்.

முதலிற் கவனிக்க வேண்டியது முன்கதவையன்று. இவ்வீடுகளின் பலவீனம் பக்கவாட்டுக் கதவு. தெருவிலிருந்து தெரியாது, பேஸ்மென்டில் குடியிருப்பவர் போய்வருவதும் பெரும்பாலும் அதனூடாகத்தான். மிகப் பழைய வீடுகள் சிலவற்றில் அக்கதவின் அருகே, பாற்காரர் போத்தலை வைத்துச் சென்ற காலத்துச் சிறு பெட்டிக்கதவு இன்னும் இருக்கிறது. அதனூடாக ஒரு கை உள்ளே நீண்டு பூட்டைத் திறக்கலாம். அதனை உட்புறமாக அடைத்துவிடுவது நன்று. பின்புறத்துச் சறுக்குக் கதவின் கீழ்த் தடத்தில் அளவாக வெட்டிய துடைப்பக்கட்டை ஒன்றைக் கிடத்தினால் போதும், செலவே இல்லை. ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கையும் மோர்னிங்சைட் பூங்காவையும் நோக்கிய பின்வளவுகளுக்கு அசைவைக் கண்டு ஒளிரும் விளக்கு ஒன்று அவசியம். அங்கே பார்ப்பதற்கு அயலவர் எவருமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். களவுக்குப் பயந்து பேஸ்மென்ட் யன்னலுக்கு இரும்புக் கம்பி அடிப்பதும், உட்புறத்திலும் திறப்பு இருந்தாலே திறக்கும் பூட்டைப் போடுவதும் ஆபத்தானவை. தீ மூண்டால் புகை நிறைந்த இருட்டில் திறப்பைத் தேட நேரமிராது. களவு போனது திரும்பி வரலாம். கீழே உறங்கிய மாணவரின் உயிர் திரும்பாது. ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். பேஸ்மென்ட் வாடகைக்கு விடப்பட்டிருப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காதிருப்பதும் இதே வகையான ஆபத்து. களவுக்குப் பின் இழப்பீடு கோரும்போது அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம். வீட்டுக்காரரின் காப்புறுதி குடியிருப்பவரின் கணினிக்கும் உடைமைக்கும் பொருந்தாது என்பதையும் அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

தமிழர் வீடுகளில் தேடப்படுவது தங்கம். பிரித்தானியக் காவற்றுறையினர் தெற்காசியக் குடும்பங்களின் நகைகள் குறித்துப் பல ஆண்டுகளாகத் தனியான எச்சரிக்கைகளை விடுத்து வருகின்றனர். தாலிக்கொடியும் பதக்கச் சங்கிலியும் படுக்கையறை அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கும் என்பது கள்வருக்குத் தெரியாத இரகசியமன்று. அரிசி வாளியும் சாமியறையும் அவர்கள் அறிந்தவையே. திருமணமோ கோவிற் திருவிழாவோ முடிந்ததும் வங்கிப் பெட்டகத்துக்கு நகைகளைத் திருப்பிக் கொண்டுபோவது சோம்பலாகத் தோன்றும். அந்த இடைப்பட்ட நாள்களே ஆபத்தானவை. சாதாரண வீட்டுக் காப்புறுதியில் நகைக் களவுக்குத் தனி உச்சவரம்பு இருப்பது வழக்கம். அது பெரும்பாலும் சில ஆயிரம் டொலர்களே. அதற்கு மேற்பட்டவற்றை மதிப்பீட்டுச் சான்றுடன் தனியாகப் பதிய வேண்டும். பெட்டகத்திலுள்ள பொருளுக்கும் வங்கி தானாகக் காப்புறுதி தருவதில்லை. ஒவ்வொரு நகையையும் ஓர் அளவுகோலின் அருகே வைத்துப் படமெடுத்து, அப்படங்களை வீட்டுக்கு வெளியே சேமித்து வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வாகனத் திறப்பு குறித்தும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எற்ரோபிக்கோவில் நடந்த கூட்டமொன்றில், கள்வர் உள்ளே வந்து தாக்காதிருக்க வாகனத் திறப்பை வாசலருகே வைத்துவிடலாம் என்று காவற்றுறை அதிகாரி ஒருவர் கூறியமை பெரும் சர்ச்சையானது. பின்னர் வேறு தடுப்பு வழிகளும் உள்ளன என்று காவற்றுறை விளக்கமளித்தது. திறப்பின் சமிக்ஞையை மறைக்கும் சிறு பையும், சுக்கானைப் பூட்டும் இரும்புத் தண்டும் அவற்றுட் சில. கராஜ் கதவின் தொலையியக்கியை முற்றத்து வாகனத்தில் விட்டுவைப்பது வீட்டுத் திறப்பை விட்டுவைப்பதற்குச் சமம்.

களவு நடந்துவிட்ட வீட்டினரே அதிகம் விழிப்பாக இருக்க வேண்டும். இனி வரமாட்டார்கள் என்ற எண்ணம் தவறு. 1980களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலுள்ள கேர்க்ஹோல்ற் குடியிருப்பில், ஒருமுறை களவுபோன வீடே விரைவில் மீண்டும் களவுபோவதை ஆய்வாளர்கள் கண்டனர். வசதியற்ற மக்கள் வாழ்ந்த அவ்விடத்தில் செய்யப்பட்டவை எளியவை. காசு போட்டு இயக்கும் எரிவாயு, மின்மானிகள் அகற்றப்பட்டன. களவுபோன வீடுகளின் பூட்டுகள் பலப்படுத்தப்பட்டன. அவ்வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டினரளவில் அதனைக் கவனிக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மூன்று ஆண்டுகளில் களவுகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன.

மோர்னிங்சைட்டில் இதற்குத் தடையாக இருப்பது பணமன்று, கூச்சம். பக்கத்து வீட்டார் வேற்றினத்தவர், ஆங்கிலம் சரளமில்லை என்று பத்து ஆண்டுகள் பெயர்கூடத் தெரியாமல் வாழும் குடும்பங்கள் உண்டு. தொலைபேசி இலக்கம் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுப்பதற்குச் சரளமான ஆங்கிலம் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது வாசற் பனியை வழிக்கவும், விளம்பரத் தாள்களை எடுக்கவும், குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்கவும் அவர்களிடம் கேட்கலாம்; அவர்கள் போகும்போது அதே உதவியைச் செய்யலாம். மிதிபடாத பனி, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் மாலை ஐந்து மணிக்கே இருண்டுவிடுவதால், நேரங்காட்டியுடன் கூடிய மின்செருகி ஒன்று விளக்கை ஏற்றி அணைக்கட்டும்.

வீடு திரும்பும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று 911ஐ அழைத்து "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கள்வர் சென்று நாள்கடந்த பின் கண்டறிந்த களவுக்கு 416-808-2222 என்ற இலக்கம் உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனம் அதனைக் கேட்கும். கடவுச்சீட்டும் குடியுரிமைப் பத்திரங்களும் இருக்கின்றனவா என்று அன்றே பார்க்க வேண்டும். திறப்புக் கொத்துப் போயிருந்தால் அன்றிரவே பூட்டை மாற்றி, பேஸ்மென்டில் இருப்பவருக்குப் புதிய திறப்பைக் கையிற் கொடுத்துவிட வேண்டும்.