இரண்டு தோட்டங்களுக்கு ஒரு சட்டம்

(யாழ்ப்பாணத்தில் புகையிலைச் செய்கையாளர், சுருட்டுத் தொழிலாளர் மத்தியில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நீங்களும் தோட்டம் என்கிறீர்கள், நாங்களும் தோட்டம் என்கிறோம். உங்களுக்கு அது கிணற்று நீர் பாய்ச்சிப் புகையிலை நட்ட நிலம். எங்களுக்கு அது தேயிலை மலையும் லயமும். இரண்டையும் இணைப்பது எங்கள் மடியில் இருக்கும் வெற்றிலைப் பொட்டலம். யாழ்ப்பாணப் புகையிலை என்று கேட்டு வாங்கியவர்கள் எங்கள் பாட்டன்மார்.

ஏன் போடுகிறோம்? காலையில் மலை ஏறினால் குளிர், அட்டை, பசி. வாயில் புகையிலை இருந்தால் கொழுந்து நிறுக்கும்வரை பசி தெரியாது. அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கை மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. அதன் கீழ் 2016 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி, மெல்லும் புகையிலைக் கலவைகளையும், வாசனையோ நிறமோ இனிப்போ சேர்த்த சிகரட்டுகளையும் தடைசெய்தது. அது சரியான தடை. காரமான இலையைப் பிள்ளை துப்பிவிடும். இனிப்பும் வாசனையும் சேர்த்தால் மிட்டாய் போல விழுங்கும். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் நடப்பது என்ன? குடாநாட்டில் மாவாவுடன் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பிடிபடுவது பொட்டலம் வைத்திருந்த இளைஞன். கடல் வழியாகக் கொண்டுவந்தவன், வீட்டில் வைத்துக் கலந்தவன், பாடசாலைக்கு அருகில் விற்கக் கொடுத்தவன் எங்கே? சட்டம் மேலே ஏற வேண்டும். கூலிக்காரனிடமே நின்றுவிடக் கூடாது.

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 2013 இல் குட்காவுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. ஆண்டுதோறும் ஆணை போட்டே அதை நீட்டினார்கள். அப்படி நீட்ட அதிகாரியிடம் அதிகாரம் இல்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை இரத்துச் செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எனவே நம் நாட்டுத் தடையும் வர்த்தமானியோடு நில்லாமல், பாராளுமன்றச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்கிறோம்.

உங்கள் முகத்தில் உள்ள கேள்வி எங்களுக்கும் தெரிகிறது. "புகையிலையை நிறுத்தினால் எங்கள் அடுப்பு எப்படி எரியும்?" 2020 க்குள் செய்கையை நிறுத்தப்போவதாக அரசு ஒருகாலம் அறிவித்தது. அறிவிப்பால் வயிறு நிறையாது. 2003 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 17 ஆம் உறுப்புரை, செய்கையாளருக்கும் தொழிலாளருக்கும் மாற்று வாழ்வாதாரம் ஏற்பட அரசுகள் துணைநிற்க வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட்ட அரசு அதையும் நிறைவேற்றட்டும். வெங்காயமோ மிளகாயோ நடச் சொன்னால், அறுவடைக் காலத்தில் இறக்குமதியைத் திறந்து விலையை விழுத்தக் கூடாது.

ஆகவே எமது கோரிக்கைகள் மூன்று. கலப்பவரையும் கடத்துபவரையும் பிடியுங்கள். செய்கையாளருக்கு மாற்றுப் பயிரும் நிச்சயமான விலையும் கொடுங்கள். தோட்டங்களில் வேலை நேரத்தில் உணவுக்கும் ஓய்வுக்கும் நேரம் கொடுத்து, வாய்ப் பரிசோதனையை மலைக்கே கொண்டுவாருங்கள்.

தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் மக்கள் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நோயாளிக்காக அவ்வளவு தூரம் நடந்தார்கள். நோய் வராமலிருக்க நீங்களும் நாங்களும் சேர்ந்து கொஞ்சத் தூரம் நடக்க மாட்டோமா?