முத்துவும் கறுப்பியும்



மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், ஊர்திகளின் ஓசை ஓயாத ஓரிடத்தில், பசுமலை என்னும் சிறு குன்று நிற்கிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் திருமங்கலத்தில் நடத்தி வந்த தம் கல்விச்சாலையை 1845ஆம் ஆண்டில் இக்குன்றின் அடிவாரத்துக்குக் கொண்டு வந்தார்கள். அன்று தொட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் நடமாடும் ஊர் இது. கரும்பலகையின் முன் 35 ஆண்டுகள் நின்று ஓய்வு பெற்ற நானும் இங்குதான் குடியிருக்கிறேன். இன்று என் பொறுப்பில் இருக்கும் மாணவர் இருவர். இருவருக்கும் நான்கு கால்கள். ஒருவன் பெயர் முத்து, மற்றொருத்தி கறுப்பி. அவர்களுக்கு நான் கற்பித்ததைக் காட்டிலும், அவர்களிடம் நான் கற்றதே மிகுதி. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு ஆனி மாதத்தில், இராஜபாளையத்து உறவினர் ஒருவர் கூடையில் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். பால் போன்ற வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். எங்கள் தென்பாண்டிச் சீமை நல்ல நாய்களுக்குப் பெயர் பெற்றது. கோம்பை, சிப்பிப்பாறை, இராஜபாளையம் ஆகிய ஊர்களின் பெயரே அங்கு வளர்ந்த நாய்களுக்கும் பெயராயிற்று. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்கிற்குத் தலைகள் வெளியிட்டபோது, இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் பழகிய இனம். அத்தகைய குட்டி நம் வீட்டிற்கு வந்ததே என்று நான் பெருமிதம் கொண்டேன். முத்து என்று பெயரிட்டோம்.

ஆவணியில் ஒரு நாள் இரவு பெருமழை. காலையில் கதவைத் திறந்தபோது திண்ணை மூலையில், நனைந்த கந்தல் துணிபோல, ஒரு கறுப்பு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. தெருவில் பிறந்த குட்டி. ஊரும் இல்லை, பேரும் இல்லை. "மழை விடும் வரை இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. மழை விட்டது, கறுப்பி போகவில்லை.

நகரத்து வீட்டில் இரண்டு நாய்களை வளர்ப்பது விளையாட்டன்று. காலை ஐந்து மணிக்கே என்னை எழுப்பிவிடுவார்கள். மழையாயினும் பனியாயினும், சாலையில் பேருந்துகள் பெருகுமுன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குன்றின் அடிவாரத்தில் நடக்க வேண்டும். சோறும் முட்டையும் வேளை தவறாமல் வேண்டும். திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் நமக்குத் தின்பண்டம். நாய்க்கு அவை நஞ்சு. சித்திரை வெயிலில் மண்தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை ஊசி மருந்தால் காத்ததிலிருந்து, இந்நோய் தடுக்கக்கூடியது என்பதை உலகம் அறியும். எனினும், நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலின் எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டாரிடம் மறைக்காதீர்கள்.

இனி, என் குற்றத்தைச் சொல்லுகிறேன்.

கறுப்பி பெயர் சொன்னவுடன் ஓடி வருவாள். ஒரு வாரத்தில் 'உட்கார்', 'இரு', 'வா' என்னும் மூன்று சொற்களையும் கற்றுவிட்டாள். முத்துவோ, விருப்பம் இருந்தால் வருவான். இல்லையேல் நான் பத்து முறை அழைத்தாலும் தோட்டத்தைப் பார்த்தபடியே நிற்பான். உயர்ந்த இனத்துக்கு உரிய செருக்கு என்று முதலில் எண்ணினேன். பிறகு பிடிவாதம் என்றேன். பிறகு, பழைய தலைமையாசிரியர் விழித்துக்கொண்டார். செய்தித்தாளைச் சுருட்டி, அழைத்தும் வராத குற்றத்துக்காக, பின்னாலிருந்து இரண்டு அடி கொடுத்தேன். அவன் துள்ளித் திரும்பி என்னைப் பார்த்தான். எதற்காக அடித்தேன் என்பதை அறியாதவனாய் வாலை ஆட்டினான். எறிந்த வேல் தன் உடலில் இருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வால் குழைப்பது நாய் என்று நாலடியார் கூறும். பல ஆண்டுகள் வகுப்பில் நான் விளக்கிய செய்தி அது. அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

தீபாவளி வந்தது. தெருவெங்கும் வெடி. கறுப்பி கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கினாள். மனிதர் செவி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். நாயின் செவி 45,000 அதிர்வு வரை கேட்கும். மெல்லிய ஓசையையும் அது நம்மினும் நன்கு உணரும். கறுப்பியின் நடுக்கத்தில் வியப்பில்லை. முத்துவோ நடுக்கூடத்தில் நான்கு காலையும் நீட்டி உறங்கிக்கொண்டிருந்தான். வாசலில் சரவெடி வெடித்தது. அவன் செவிமடல்கூட அசையவில்லை. "பார்த்தாயா, இராஜபாளையத்து வீரத்தை!" என்று பேத்தியிடம் கூறினேன்.

பேத்தி எட்டாம் வகுப்பில் படிப்பவள். அவள் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குச் சென்று, ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வந்து, உறங்கும் முத்துவின் தலைமாட்டுக்குச் சற்று அப்பால் ஒரு மெத்தைமேல் நின்றுகொண்டு, கரண்டியால் ஓங்கி அடித்தாள். தாம்பாளத்தைத் தரையில் போட்டால் தரை அதிர்ந்து அவன் எழுந்துவிடக்கூடும் என்பதற்காகவே மெத்தை. கட்டிலின் அடியில் கறுப்பி அலறினாள். முத்து உறங்கினான். "தாத்தா, இவனுக்குக் காது கேட்கவில்லை" என்றாள் பேத்தி. நான் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சென்றோம். அவர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே செவி கேளாத நாய் என்றார். வெண்ணிற உடலுக்கும் கேளாச் செவிக்கும் உள்ள தொடர்பு அறிஞர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். காரணம் இதுதான்: உள்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட சிறிய உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள திரவத்தின் மின்னாற்றல் குறையாமல் காப்பதில், நிறம் தரும் உயிரணுக்களுக்கும் பங்கு உண்டு. மிகுந்த வெண்மையுடைய சில விலங்குகளில் அவ்வணுக்கள் உள்செவியைச் சென்றடைவதில்லை. குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் மடிந்துபோகின்றன. இராஜபாளையத்து நாய்களில் சில இவ்வாறு பிறக்கின்றன. வெள்ளையில் புள்ளியுடைய டால்மேஷன் இனத்தில், அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றுள் சுமார் 30 விழுக்காட்டுக்கு ஒரு செவியோ இரு செவியுமோ கேளாதிருந்தன. முத்துவுக்கு இக்குறை நீங்க மருந்தில்லை. அவனை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது. மற்றபடி அவன் நலமாக வாழலாம் என்றார் மருத்துவர்.

நான்கு மாதம் எங்களோடு வாழ்ந்தானே, எப்படி நாங்கள் அறியாமல் போனோம்? எண்ணிப் பார்த்தபோது விடை கிடைத்தது. கறுப்பி எழுந்தால் அவனும் எழுவான். அவள் வாசலை நோக்கி ஓடினால் அவனும் ஓடுவான். அவள் குரைப்பதைக் கண்டு தானும் குரைப்பான். அவளுடைய செவிகளே அவனுக்கும் செவிகளாக இருந்தன. அவள் அருகில் இல்லாத வேளைகளில்தான் அவன் 'கீழ்ப்படியாதவன்' ஆனான்.

மறுநாளிலிருந்து பாடமுறை மாறியது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார வேண்டும். கையை உயர்த்தி விரித்தால் நிற்க வேண்டும். மார்பை நோக்கி வீசினால் வர வேண்டும். உறங்கும்போது அவனைத் திடீரெனத் தொடுவதில்லை. தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து விழிப்பான். கயிறின்றி அவனைத் தெருவுக்கு அழைத்துச் செல்வதில்லை. சொன்னபடி செய்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. மூன்று வாரத்தில் ஐந்து சைகைகளைக் கற்றான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. என் வீட்டில் நிமிர வேண்டியிருந்தது என் கைதான்.

ஒரு நாள் காலையில் பால்காரர் வெளிக்கதவைத் தாழிடாமல் சென்றுவிட்டார். முத்து வெளியேறிச் சாலையின் விளிம்பை அடைந்துவிட்டான். அப்பால் ஒரு பேருந்து விரைந்து வந்தது. "முத்து! முத்து!" என்று நான் கத்தினேன். கேளாது என்று அறிந்தும் கத்தினேன். 35 ஆண்டுப் பழக்கம் அல்லவா! என் குரல் கேட்டுக் கறுப்பி பாய்ந்தோடினாள். அவனுக்கு முன்னே சென்று குறுக்கே நின்றாள். அவளைக் கண்டு அவன் திரும்பினான். அந்த நொடியில்தான் எனக்குக் கையின் நினைவு வந்தது. உயர்த்தி விரித்தேன். நின்றான். பேருந்து கடந்து சென்றது. அன்று முழுவதும் என் கால்களின் நடுக்கம் தீரவில்லை.

மாணவர்களே, முத்துவை அடித்த அந்த இரண்டு அடிகள் எனக்கு வேறொருவனை நினைவூட்டின. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில், கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். பிறர் எழுந்தால் எழுவான். பிறர் சிரித்தால் சிரிப்பான். பக்கத்துச் சிறுவனின் ஏட்டைப் பார்த்து எழுதுவான். அந்தப் பக்கத்துச் சிறுவன் வராத நாளில், கேட்ட கேள்விக்கு விழித்துக்கொண்டு நிற்பான். பெயரை மூன்று முறை அழைத்தும் எழாத நாளில் பிரம்பால் அடித்தேன். அவன் காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். அதனை என் கண் கண்டது. என் கருத்து காணவில்லை. செவித்திறன் குறைந்த பிள்ளைகளை முன் வரிசையில் அமர்த்த வேண்டும் என்பதை ஆசிரியப் பயிற்சித் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்! எட்டாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

அவனைத் தேடிச் சென்றேன். இன்று அவர் தையற்கடை வைத்திருக்கிறார், காதில் கருவி அணிந்திருக்கிறார், பேரப்பிள்ளை கண்டவர். சிறுவயதில் காதில் சீழ் வடிந்து கேள்வி குறைந்ததாகச் சொன்னார். நான் வந்த காரணத்தைக் கூறித் தலைகுனிந்தேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, நீங்கள் எங்களைப் பார்த்துப் பேசும்போது உதட்டைக் கண்டு எனக்குப் புரியும். கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் மட்டும் புரியாது" என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. அந்தச் சொல் 40 ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

இன்று காலம் மாறியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரின் கேள்விக் குறையும் சோதித்து அறியப்படுகிறது. எனினும், எந்த மருத்துவர் வருமுன்னும் முதலில் அறியத்தக்கவர் நீங்களே. உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அடிக்கடி "என்ன சொன்னார்?" என்று கேட்கிறானா? அழைத்தால் திரும்புவதில்லையா? எள்ளி நகையாடாதீர்கள். ஆசிரியரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். அதுவரை அவனுக்குச் செவியாக இருங்கள். தெருவில் பிறந்த ஒரு நாய்க்குட்டிக்கு இயன்றது உங்களுக்கு இயலாதா?

இப்பேச்சு ஒலிபரப்பாகும் நேரத்தில் என் வீட்டு வானொலிப் பெட்டியருகே இருவரும் படுத்திருப்பார்கள். என் குரலைக் கேட்டுக் கறுப்பி தலை நிமிர்வாள். அவள் நிமிர்வதைக் கண்டு முத்துவும் நிமிர்வான். நான் வீடு திரும்பியதும் அவன் முன்னே சென்று நின்று, முகம் பார்த்து, கையால் என் வணக்கத்தைத் தெரிவிப்பேன்.

உங்களுக்கும் என் வணக்கம்.