தூசி மறைக்கும் ஒளிக்கு ஒரு கணக்கு



தொலைநோக்கி அளப்பது வந்துசேர்ந்த ஒளியை. புறப்பட்ட ஒளி எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. இரண்டுக்கும் நடுவே தூசி நிற்கிறது: மைக்ரோமீட்டருக்கும் சிறிய சிலிக்கேட், கரித் துகள்கள். விண்மீன்களுக்கு இடைப்பட்ட பொருளில் எடைக்கணக்கில் இது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் பால்வெளியின் மையத்திலிருந்து கிளம்பும் கட்புல ஒளியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கே நம்மை எட்ட விடுகிறது.

வராத ஒளியை அளப்பது எப்படி? தூசியால் மாறாத ஏதாவது ஒன்று கையில் இருந்தால் அளக்கலாம். இத்துறையில் நடந்த நல்ல வேலைகள் எல்லாம் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்த கதைகளே.

1930இல், கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ராபர்ட் டிரம்ப்ளர் பிடித்தது விண்மீன் கொத்துகளின் உருவ அளவை. பிரகாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, அத்தூரத்தைக் கொண்டு கொத்துகளின் விட்டத்தைக் கணக்கிட்டார். தொலைவில் உள்ளவை எல்லாம் பெரிதாகவே வந்தன. பூமியிலிருந்து விலக விலக, எந்தத் திசையிலும் கொத்துகள் பருத்துக்கொண்டே போவானேன்? அவை பருக்கவில்லை, இடையில் ஒளி குறைந்ததால் தூரம் கூடுதலாகக் கணக்காகியிருந்தது. தூசி கொத்தின் கோண அளவைத் தொடாது, பிரகாசத்தில்தான் கைவைக்கும் என்ற ஒரே தெளிவில் இவ்வளவும் பிடிபட்டது. வானியலாளர் ஸ்ட்ரூவ 1847இலேயே இப்படி ஒரு மறைப்பு இருக்கலாம் என்று எழுதியிருந்தார்; வானியலாளர்களைப் பொதுவாக ஏற்கவைத்தது டிரம்ப்ளரின் அளவீடு.

பால்வெளிக்கு வெளியே உள்ள விண்மீன் மண்டலங்களுக்கு இதைவிட நேர்த்தியான வழி ஹைட்ரஜனிடம் இருக்கிறது. இளம் விண்மீன்கள் சூடேற்றிய வாயு, 656 நானோமீட்டரில் சிவப்புக் கோட்டையும் 486இல் நீலப்பச்சைக் கோட்டையும் தருகிறது. பத்தாயிரம் டிகிரி வாக்கிலுள்ள வாயுவில் முன்னதன் வலிமை பின்னதைப் போல் 2.86 மடங்கு. அணுவின் இயற்பியல் விதித்த விகிதம் இது. எந்த மண்டலமானாலும் பெரிதாக மாறாது. தூசி நீலத்தை அதிகம் விழுங்கும், சிவப்பைக் குறைவாக விழுங்கும். ஆகவே நிறமாலையில் விகிதம் 2.86க்கு மேல் ஏறினால், ஏறிய அளவே தூசியின் அளவு. அந்த விகிதம் இரட்டித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூசி பால்வெளியில் உள்ளதைப் போன்றதாய், முன்னால் திரையாக நின்றால், சிவப்புக் கோட்டிலேயே ஐந்தில் ஒரு பங்குதான் தப்பி வந்திருக்கிறது என்று கணக்குச் சொல்லும். இரண்டே கோடுகள், இத்தனை விஷயம்! வகுப்பறையில் இதைப் போட்டுப் பார்க்காமல் எந்த மாணவரும் போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

தூசி திரையாகத்தான் நிற்கிறதா என்பதில்தான் சிக்கல். மண்டலத்துக்குள் விண்மீனும் தூசியும் கலந்து கிடக்கின்றன. ஆழத்தில் புதைந்தவற்றின் ஒளி நம்மை எட்டாது. மேலோட்டமாக இருப்பவற்றின் நிறமே நமக்கு வரும். அதைக் கொண்டு முழு மண்டலத்துக்கும் திருத்தம் போட்டால் கணக்கு குறைந்துபோகும். வானியலாளர் டானியேலா கால்செட்டி, விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் மண்டலங்களை ஆராய்ந்து, வாயுக் கோடுகள் சிவக்கும் அளவில் ஏறக்குறைய 0.44 பங்குதான் விண்மீன் ஒளி சிவக்கிறது என்று காட்டினார். பிறந்த மேகத்துக்குள்ளேயே இருக்கும் இளம் விண்மீன்கள் அதிகம் மறைகின்றன. அதைவிட்டு வெளியேறிய மூத்தவை அவ்வளவு மறைவதில்லை.

எனவே அகச்சிவப்பையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. விழுங்கிய ஆற்றலால் தூசி சூடாகி, அதை நீள அலைகளாக வெளிவிடுகிறது. ஆற்றல் எங்கும் தொலைவதில்லை. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோளும், 1990களில் கோபி செயற்கைக்கோளின் தரவுகளும் இதை அண்ட அளவில் காட்டின. அண்ட வரலாற்றில் விண்மீன்கள் தந்த ஒளியில் ஏறக்குறைய பாதி தூசி வழியாகவே மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது.

அப்படி மறைந்து கிடந்த ஒரு மண்டலத்தைப் பாருங்கள். 1998இல், ஹவாயின் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கி, ஹபிள் தொலைநோக்கி ஆழமாகப் படமெடுத்த ‘ஹபிள் ஆழ்புலம்’ என்ற வான்பகுதியில் 850 மைக்ரோமீட்டரில் பளிச்சென்று ஒரு மூலத்தைக் கண்டது. எச்டிஎஃப் 850.1 என்று பெயர். ஹபிளின் படத்தில் அதற்கு நிச்சயமான இணை கிடைக்கவில்லை. 2012இல்தான், அதன் வாயுக் கோடுகளின் மூலம் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலை நீளும் அளவு) 5.18 என்று தெரிந்தது. பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஆறு மடங்குக்கு மேல் நீண்டு 4 மைக்ரோமீட்டரில் வந்த அதே சிவப்பு ஹைட்ரஜன் கோட்டை அங்கே பதிவு செய்தது: வடக்கே தூசி அடர்ந்த ஒரு பகுதி, தெற்கே அவ்வளவு மறையாத ஒரு பகுதி.