நொதியின் உருவமும் செயலும்



நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும், கோழிமுட்டையின் வெண்கருவிலும் லைசோசைம் என்றொரு நொதி உண்டு. சில பாக்டீரியாக்களின் புறச்சுவரை அது கரைத்துவிடும். பிற்காலத்தில் பெனிசிலினால் பெரும்புகழ் எய்திய அலெக்சாண்டர் பிளெமிங், 1922-இல் இதனை உலகுக்கு அறிவித்தார். எவ்வாறு கரைக்கிறது என்பது மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. உருவத்தைக் காணாமல் செயலை எங்ஙனம் அறிவது?

காண்பதற்குச் சாதாரண ஒளி உதவாது. அணுக்களின் இடைவெளியை நோக்க, அதன் அலைநீளம் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. எக்ஸ் கதிரின் அலைநீளமோ அவ்விடைவெளியளவே. ஆயினும் அக்கதிரைக் குவித்து அணுக்களின் உருவத்தைக் காட்டவல்ல லென்சு இல்லை. ஆகவே நொதியைப் படிகமாக்கி, அதனுள் கதிரைச் செலுத்தி, சிதறி விழும் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் செறிவை அளந்து, கணக்கினாலேயே உருவத்தை மீட்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம். அலையின் முகடு எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்ற செய்தி புள்ளிகளில் பதிவாவதில்லை. அதனை அறியப் படிகத்தினுள் கனமான உலோக அணுக்களைப் புகுத்தி, மீண்டும் அளந்து, இரண்டின் வேறுபாட்டைப் பார்ப்பார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்!

1965-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்சும் அவருடைய துணைவர்களும் வெண்கரு லைசோசைமின் உருவத்தை வெளியிட்டனர். நொதி ஒன்றின் உருவம் தெரிந்தது அதுவே முதன்முறை. 129 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி சுருண்டு மடிந்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் ஆழ்ந்த பிளவு. சர்க்கரைச் சங்கிலியின் துண்டு அப்பிளவிற் பொருந்துவதை லூயிஸ் ஜான்சன் ஆராய்ந்து காட்டினார். ஆறு அலகுகள் அதில் அடங்கும். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே வெட்டு விழுகிறது. அவ்விடத்தில், சர்க்கரையின் இருபுறமும் காவலர்போல் 35-ஆவது குளுட்டாமிக் அமிலமும் 52-ஆவது அஸ்பார்ட்டிக் அமிலமும் நிற்கின்றன.

முன்னது ஒரு ஹைட்ரஜனை ஈந்து பிணைப்பை அறுக்கிறது. பின்னதன் தொழில் யாது? சர்க்கரையோடு பிணையாமல், அருகே நின்று மின்னேற்றத்தால் அதனைத் தாங்குகிறது என்று பிலிப்ஸ் கருதினார். பாடநூல்கள் பலவும் அவ்வாறே எழுதின. ஆனால் படிகம் தருவது நிலைத்த படம். கண்ணிமைக்கும் நேரத்திற்குள் வந்து மறையும் நிலை அதில் அகப்படாது. என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனித்தான் வருகிறது. 2001-இல் ஸ்டீபன் விதர்சும் அவருடைய குழுவினரும் 35-ஆவது அமிலத்தை மாற்றி, புளோரின் சேர்ந்த சர்க்கரையையும் கொடுத்து, நொதியின் வேலையை நடுவழியில் நிறுத்தினர். அந்நிலையில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில், 52-ஆவது அமிலம் சர்க்கரையோடு மெய்யாகவே பிணைந்திருந்தது! அதைக் காணப் பிலிப்ஸ் இல்லை; அவர் 1999-இல் மறைந்துவிட்டார்.

இயல்பான நொதியில் அப்பிணைப்பு நெடுநேரம் நிற்பதில்லை. ஒரு நீர் மூலக்கூறு வந்து அதனை அறுக்கிறது. நொதி தன் பழைய நிலையை அடைந்து, அடுத்த வெட்டுக்கு ஆயத்தமாகிறது.