கை தூக்கினால் போதாது, கூட நடக்கணும்

(பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் உறுப்பினர்களின் பணியிடப் பாதுகாப்புக் குழுப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி நாளில், களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான். துணி துவைக்கணும், ரேஷன் கடைக்குப் போகணும், பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியா ஏதாவது செஞ்சு கொடுக்கணும். அதையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சேமிப்புக் குழுவை நடத்துவது உங்களுக்குக் கைவந்த கலை. தீர்மான நோட்டு எழுதுவீங்க, வங்கிக்குப் போவீங்க, மேனேஜர்கிட்ட கேள்வி கேட்பீங்க. ஆனால் பாதுகாப்புக் குழு என்று வரும்போது மட்டும், முதல் கூட்டத்துக்கு இருபது பேர் வர்றாங்க, நாலாவது கூட்டத்துக்கு நாலு பேர்தான் வர்றாங்க. ஏன்? உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லையா? நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். நாங்கள் நினைத்தது தப்பு என்று ஒரு அக்கா எங்களுக்குப் புரிய வைத்தார். அதைத்தான் இன்று முதலில் சொல்லப் போகிறோம்.

நாங்கள் செய்த தவறு

ஒரு கிராமத்தில் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தோம். 22 பேர் சேர்ந்தார்கள். அதில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு அக்காவைத் தலைவியாகத் தேர்வு செய்தோம். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஆறு பேர், ஏழு பேர் உட்கார்ந்து வேலை செய்வதாகக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "இதைக் கேட்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டோம். 22 பேரும் கை தூக்கினார்கள். தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. "யார் கேட்பது?" என்றபோது எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். நாங்களும், "நீங்கதானக்கா தலைவி, நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் அவர் போர்மேனிடம் கேட்டார். அன்று சாயங்காலம், "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் வேலை இல்லை. அந்த வாரம் குழுக் கடன் தவணை கட்ட முடியவில்லை. நம்ம சேமிப்புக் குழுவிலேயே, விதிப்படி அவருக்கு அபராதம் போட்டார்கள். அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். தலைவி வரவில்லை.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "இருபத்திரெண்டு பேரு கை தூக்குனீங்க மேடம். கேக்கப் போனப்ப நா ஒத்த ஆளு. வேல போனது கூடப் பெருசில்ல. நம்ம குழுவுலயே எனக்கு அபராதம் போட்டீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்றார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சமூகப் பணி படிப்பில் தலைமைப் பண்பு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தோம். ஆபத்தான காரியத்தை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, அதற்குத் தலைமை என்று பெயர் வைத்திருந்தோம்.

உறுப்பினர்கள் ஏன் வருவதில்லை?

அதன் பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டோம். கிடைத்த பதில்கள் இவை.

"கூட்டத்துல நீங்களே பேசுறீங்க, நாங்க கேட்டுட்டு வர்றோம்."

"போன மாசம் சொன்னது என்னாச்சுன்னு யாரும் சொல்லல."

"பீஸ் ரேட் வேல மேடம். வெரசா செஞ்சாத்தான் காசு. மெதுவா செய்யின்னு நீங்க சொல்லுவீங்க, பைனான்ஸ்காரன் கேப்பானா?"

இந்த மூன்றாவது பதில்தான் முக்கியமானது. அக்கறை இல்லாமல் யாரும் ஓடவில்லை. பயம் இருக்கிறது, கடன் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் வழி சொல்லாத பாதுகாப்புக் குழு, சொற்பொழிவுக் குழுவாகத்தான் இருக்கும்.

சட்டம் நம்மை எங்கே உட்கார வைக்கிறது?

"நாம கூலி ஆளு, நாம கேக்கலாமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். கேட்கலாம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் நிர்வாகத்தினரும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று சொன்னது அந்தத் திருத்தம். இப்போது 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதன்படி அமைக்கும் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளை விடக் குறைவாக இருக்கக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடம் சொல்லும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

நம்ம ஊர்க் குழு அந்தச் சட்டக் குழு அல்ல. இது கேட்டுக்கு வெளியே இருக்கிற குழு. நாலைந்து ஆலைகளுக்குப் போகிறவர்கள் சேர்ந்தது. ஆனால் உள்ளே இருக்கிற குழுவில் பேச, ஆளைத் தயார் செய்வது இந்தக் குழுதான்.

ஆறு மாதத்தில் நாங்கள் மாற்றியவை

முதலாவது, தப்பிச்ச கணக்கு. சேமிப்புக் கணக்குக்கு நோட்டு இருப்பது போல இதற்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. கூட்டத்தில் தலைவி பேசுவதில்லை. ஒவ்வொருவரும் இந்த வாரம் பயந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "மருந்துப் பெட்டிய தரையில இழுத்தாங்க." "கதவ மறச்சு அட்டைப்பெட்டி அடுக்கியிருந்துச்சு." "புதுசா வந்த பிள்ள செல்போனோட உள்ள வந்துருச்சு." "மிச்ச மருந்த மறுநாளைக்குன்னு மூடி வச்சாங்க." எதுவும் வெடிக்கவில்லை, எல்லாம் தப்பித்தவை. ஆனால் வெடித்த இடங்களில் எல்லாம், அதற்கு முன் இப்படித் தப்பித்த நாட்கள் நிறைய இருந்திருக்கும். நோட்டில் நாள், நடந்த விஷயம் இரண்டும் மட்டும் எழுதுகிறோம். சொன்னவர் பெயர் எழுதுவதில்லை. இதைத் தொடங்கிய பிறகு, வாயே திறக்காத மூன்று பேர் பேச ஆரம்பித்தார்கள். ஏனென்றால் இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. பயந்தது எல்லோருக்கும் இருக்கிறது.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் நோட்டு எழுதுவார். ஒருவர் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணோடு முதல் வாரம் கூடவே இருப்பார். உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டை ஏன் தொட வேண்டும், பாலியஸ்டர் சேலை ஏன் கூடாது, பருத்திச் சட்டையை ஏன் மேலே போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். வறண்ட நாளில் பாலியஸ்டர் துணியை உதறினால் சடசடவென்று சத்தம் வரும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்னப் பொறி மருந்துக்குப் போதும். இன்னொருவர் ஈ.எஸ்.ஐ. கார்டு பார்ப்பார். இன்னொருவர் முதலுதவி. வேலை கொடுத்த உறுப்பினர் கூட்டத்துக்கு வராமல் இருப்பதில்லை. சும்மா உட்கார வைத்த உறுப்பினர்தான் நின்றுவிடுகிறார்.

மூன்றாவது, ஒத்த ஆளாக யாரும் கேட்கக் கூடாது. இது எங்கள் குழுவின் முதல் விதி. கேட்பதானால் அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, சம்பள நாளில், எல்லோரும் பார்க்கும்படி கேட்க வேண்டும். மனுவாக எழுதினால் குழுவின் பெயரில் எழுத வேண்டும். அதிகாரிகளுக்கு எழுதும்போது கூட்டமைப்பு வழியாக எழுத வேண்டும்.

நான்காவது, கடனுக்கு வழி. பாதுகாப்பு விஷயத்தைக் கேட்டு வேலை இழந்தவருக்கு அபராதம் கிடையாது, தவணை தள்ளி வைக்கப்படும், அவசரக் கடன் முதலில் அவருக்கு என்று அந்த ஊர்க் குழுக்கள் தீர்மானம் போட்டன. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் "வேல போனா வீட்டுல அடுப்பெரியும்" என்று தெரிந்தால்தான் வாய் திறக்கும். நம் கையில் சேமிப்பு இருக்கிறது. வேறு எந்தச் சங்கத்துக்கும் இல்லாத பலம் இது.

ஐந்தாவது, போன கூட்டத்தில் சொன்னதற்கு இந்தக் கூட்டத்தில் பதில். நடந்திருந்தால் நடந்தது, நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை. பதில் சொல்லாமல் புது விஷயம் எடுக்கக் கூடாது.

ஆறாவது, போர்மேனை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். விபத்து நடந்தால் முதலில் கைதாவது பெரும்பாலும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரரான ஒரு போர்மேனைக் குழுவுக்கு அழைத்தோம். மருந்து கலவையில் உராய்வு எப்படி வருகிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினார். போகும்போது, "இதயெல்லாம் எங்கிட்ட யாரும் கேட்டதே இல்லம்மா" என்றார்.

மறக்கக் கூடாத இரண்டு நாட்கள்

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்ல. தீப்பிடித்ததைப் பார்க்கவும், காப்பாற்றவும் ஓடி வந்து, அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். அதனால் ஒவ்வொரு ஊரிலும் சொல்லி வையுங்கள்: புகை கண்டால் அதை நோக்கி ஓடாதீர்கள், விலகி ஓடுங்கள், தீயணைப்புக்கும் 108க்கும் போன் செய்யுங்கள். பிள்ளைகளைக் கண்டிப்பாக விடாதீர்கள்.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். உள்குத்தகை, அளவுக்கு மேல் ஆட்கள் என்ற பேச்சுத்தான் அதற்குப் பிறகு எங்கும் இருந்தது. ஒரு அறையில் நாலு பேர் என்ற விதி எதற்கு? ஒன்று நடந்துவிட்டால், எழுந்து ஓட ஆளுக்கு ஒரு வழி வேண்டும் என்பதற்குத்தான். ஐந்தாவது ஆள் உட்காருவது நாலு பேரின் ஓடும் வழியில்.

தீக்காயம் பட்டவருக்கு இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவாதீர்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். இருபது நிமிடம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஈ.எஸ்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. வேலையில் ஏற்பட்ட விபத்துக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இறந்தவரைச் சார்ந்திருப்பவர்களுக்குக் கூலியில் 90 சதவீத அளவுக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். "நாளைக்கு எழுதிக்கலாம்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பேர் எழுதின பிறகு அறைக்குள் போங்கள்.

அந்த அக்கா

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் கதை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்த ஊரில் அடுத்த ஆண்டு ஒரு அறையில் வேலை செய்த ஆறு பேரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். யாரையும் நிறுத்தவில்லை. இரண்டு பேரை வேறு அறைக்கு மாற்றினார்கள். தீபாவளி நெருக்கத்தில் மறுபடியும் ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தார். மறுபடியும் கேட்டோம். இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அக்கா இப்போது வேறு ஆலைக்குப் போகிறார். குழுவில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தலைவியாக இருக்கச் சொல்லிக் கேட்டோம். "தலைவியெல்லாம் வேண்டாம் மேடம். தப்பிச்ச கணக்கு நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அவர்தான் எழுதுகிறார். போன கூட்டத்துக்கு 17 பேர் வந்திருந்தார்கள். 22 இன்னும் ஆகவில்லை.

சகோதரிகளே, ஊருக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். கேட்டதற்காக வேலை இழந்தவருக்கு அபராதம் இல்லை என்று உங்கள் சேமிப்புக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசாமல், இதுவரை பேசாத ஒருவரைப் பேச விடுங்கள். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் உங்கள் நோட்டைக் கொண்டு வந்து படிக்க வேண்டும். நாங்களும் எங்கள் நோட்டோடு வருகிறோம்.

திங்கட்கிழமை காலையில் போகிற எல்லோரும் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். நம்ம குழு இருப்பது அதற்குத்தான்.