வழி சொல்லும் ஆப் மட்டும் போதாது, நடக்க நடைபாதையும் வேணும்!

(மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த நமது கட்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செல்போன் மேப்ல நடந்து போக வழி கேட்டால், கிட்ட இருக்கிற வழியைக் காட்டுது. ஆனா அந்த வழியில நடைபாதை இருக்கா, சக்கர நாற்காலி ஏற சாய்தளம் இருக்கா, நடுவுல டிரான்ஸ்பார்மர் நிக்குதா, மழைநீர் வடிகால் மூடியில்லாம கிடக்கா என்பது பெரும்பாலும் அதுக்குத் தெரியாது. நாம ரோட்டுல இறங்கி சுத்திப் போயிடுவோம். வெள்ளைக்கோலோடு வர்றவர் என்ன செய்வார்? பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல நடக்கணும். இல்லன்னா வீட்டிலேயே முடங்கணும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இவர்களும் நடக்கும்படியான சாலைகள் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-வது பிரிவே சொல்லுது. இது சலுகை இல்லை தோழர்களே, உரிமை!

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் 'புராஜெக்ட் சைட்வாக்' திட்டத்துல, பொதுமக்களே தெருப் படங்களைப் பார்த்து சாய்தளம் எங்கே, தடை எங்கே என்று குறிக்கிறாங்க. அந்தக் குறிப்புகளை வச்சு கம்ப்யூட்டருக்கும் அதைக் கண்டுபிடிக்கப் பழக்கலாம். அதையே நம்ம ஊர்லயும் ஏன் செய்யக்கூடாது?

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பார்வையற்றோர் நடக்க ஒலியால் திசை காட்டும் 'சவுண்ட்ஸ்கேப்' ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2018-ல் கொண்டுவந்தது, 2023-ல் நிறுத்திவிட்டது. அதன் நிரல் பொதுவில் வெளியிடப்பட்டதால்தான் மற்றவர்கள் அதைத் தொடர முடிஞ்சது. அதனால மக்கள் நடக்கிற வழி ஒரு கம்பெனியோட முடிவை நம்பி இருக்கக்கூடாது.

நமது கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: வார்டு வாரியாக நடைபாதைகளைக் கணக்கெடுத்து, அந்தத் தரவை யாரும் பயன்படுத்தும்படி அரசு வெளியிடணும்.

இரண்டு: வழிகாட்டும் செயலி நல்ல தமிழில் பேசணும். அதைச் சோதிக்கும் வேலையை மாற்றுத்திறனாளிகளுக்கே உரிய சம்பளத்தோடு கொடுக்கணும்.

மூன்று: செயலி கண்டுபிடிக்கிற ஒவ்வொரு பள்ளமும் அந்த வார்டு பொறியாளருக்குப் புகாராகப் போகணும், கெடு வச்சு சரிசெய்யணும். 'முன்னால் பள்ளம்' என்று போன் தினமும் சொல்லிக்கிட்டே இருக்கும், பள்ளம் அங்கேயே இருக்கும் என்றால் அந்தத் தொழில்நுட்பத்தால யாருக்கு லாபம்?

தோழர்களே, அரசு செய்யட்டும்னு காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்க பகுதி மாற்றுத்திறனாளி ஒருவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து பாருங்க. அவர் தடைன்னு சொல்ற ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து, தெருப் பெயரோடு எழுதி, கவுன்சிலர் கையில கொடுங்க. நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் விடாதீங்க!