பாவையும் கயிறும்



வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவை அறியாதவர் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இரார். நான் நான்காம் வகுப்பில் பயின்ற காலத்தில் அவ்விழாவிலே ஒரு பொம்மலாட்டம் கண்டேன். ஏறத்தாழ என் உயரமே உள்ள மரப்பாவை ஒன்று தலையசைத்து, இடைவளைத்து ஆடிற்று. ஆட்டத்தினும் அதனை ஆட்டுவிப்பவர் யார் என்னும் ஆவலே எனக்கு மிகுந்தது. பின்புறம் சென்று கறுப்புத் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். ஒருவர் தம் தலையில் இரும்பு வளையம் ஒன்றை மகுடம்போல் அணிந்திருந்தார். பாவையின் தலையிலும் உடலிலும் கோத்த கயிறுகள் அவ்வளையத்திலே கட்டப்பெற்றிருந்தன. அவர் தலை சாய்த்தார், பாவையும் சாய்ந்தது. அவர் கைகளில் இருந்த கம்பிகள் பாவையின் கைகளை இயக்கின. அத்தகைய பாவைகளுள் பெரியவை 4½ அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ளவை என்று பின்னர் அறிந்தேன். அத்தனை சுமையையும் தலையில் தாங்கியே அவர் ஆட வேண்டும்!

மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிருள்ளதுபோல் மயக்கும் இவ்வித்தை நமக்குப் புதிதன்று. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் இதனை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார்.

அந்த இரும்பு வளையம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் என் கண்ணில் பட்டது; ஆனால் இம்முறை இரும்பாக இல்லை. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் சென்னையில் அனிமேஷன் படங்களுக்குப் பாத்திரங்களை ஆயத்தம் செய்யும் தொழிலில் இருக்கிறான். சென்ற பொங்கல் விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தன் கணிப்பொறியைத் திறந்து காட்டினான். திரையில் ஒரு சிறுமியின் உருவம். அவள் முகத்துக்கு முன்னே, முழங்காலுக்கு முன்னே, குதிகாலில், உள்ளங்கையில் எனச் சிறுசிறு சிலுவைக் குறிகள் தென்பட்டன. அவை யாவை என்று வினவினேன்.

“நல் ஆப்ஜெக்ட், ஐயா” என்றான்.

“நல்ல பெயர்தான்” என்றேன்.

அவன் சிரித்தான். “தமிழ் ‘நல்’ அன்று, ஐயா, ஆங்கில ‘நல்’. ஒன்றுமில்லை என்று பொருள்.”

ஆம், அது ஒன்றுமில்லாத பொருளேதான். அதற்கு இடம் உண்டு, திசை உண்டு, உருவம் இல்லை. படம் முடிந்து வெளிவரும்போது அது கண்ணுக்குத் தெரியாது. பிளெண்டர் என்னும் மென்பொருளில் இதனை ‘எம்ப்டி’ என்கிறார்கள். (அம்மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் இன்றே கற்கத் தொடங்கலாம்.) உருவத்தினுள் எலும்புகளை அமைத்து, அவற்றை இயக்கும் பிடிகளைப் பொருத்தும் வேலைக்கு ‘ரிக்கிங்’ என்று பெயர். ஒன்று மற்றொன்றைப் பின்பற்றுமாறு விதிக்கும் கட்டுக்குக் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று பெயர். நம் பொம்மலாட்டக்காரரின் மொழியிலே சொன்னால், முன்னது வளையம், பின்னது கயிறு.

இதன் பயன் யாது? சிறுமியின் இரு விழிகளையும் தனித்தனியே திருப்பினால் எப்போதாவது ஒன்று பிசகி மாறுகண் ஆகிவிடும். முகத்துக்கு முன்னே ஒரு நல்லை வைத்து, இரு விழிகளும் அதனையே நோக்க வேண்டும் என்று கட்டிவிட்டால், அதனை மட்டும் நகர்த்தினால் போதும். விழிகள் இரண்டும் ஒருசேரத் திரும்பும். முழங்காலுக்கு முன்னே உள்ளது, கால் மடங்கும்போது முட்டி எத்திசையை நோக்க வேண்டும் என்பதைக் காட்டுவது. குதிகாலில் உள்ளதோ பாதத்தை ஊன்றச் செய்வது. அஃதின்றேல் உடல் முன்னே செல்லும்போது ஊன்றிய பாதமும் சேர்ந்து வழுக்கும். ஓர் எச்சரிக்கையும் சொன்னான். தந்தையைப் பின்பற்றுமாறு மகனைக் கட்டலாம். அதே வேளையில் மகனைப் பின்பற்றுமாறு தந்தையையும் கட்டினால் கணிப்பொறி குழம்பிப்போகும். குடும்பங்களில் இது நடப்பதுண்டு என்றேன்.

இனி, நான் கூற விரும்பாத ஒன்றையும் கூறியாக வேண்டும். இம்மாணவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளி ஆண்டுவிழாவுக்காகக் காகிதக்கூழில் தலைகள் செய்து இராமாயணப் பொம்மலாட்டம் ஒன்று அமைத்தோம். இயக்குநர் நான்தான். இராமனின் மணிக்கட்டில் வில்லைக் கட்டச் சொன்னேன். கணக்கில் எப்போதும் பின்தங்கும் இவன் எழுந்து, “கையிலே வில்லைக் கட்ட வேண்டாம், ஐயா, வில்லிலே கையைக் கட்டுவோம்” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, “முதலில் வாய்பாட்டைப் படி” என்று அமரச் செய்தேன்.

விழா மேடையில் இராமன் கையை உயர்த்தினான். வில் தலைகீழாகச் சுழன்று சீதையின் முகத்தில் அடித்தது. கூட்டம் ஆரவாரித்தது. அடுத்த காட்சிக்குள் இவனே ஓடிவந்து வில்லின் இரு முனைகளிலும் தனித்தனிக் கயிறு பூட்டி, இராமனின் கையை நூலால் அதனோடு தளர்வாகப் பிணைத்தான். வில்லை உயர்த்தினோம், கை தானாகவே உடன் சென்றது. எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவன் தந்தை கம்பத்திலே திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். பந்தலின் கம்பியில் கொடியை இறுகக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறு அறுத்துவிடும். கட்டாமல் விட்டால் கொடி தரையிலே கிடக்கும். எந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்று பார்த்துக் கட்ட வேண்டும் என்றான். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு நினைவு வந்தது அவன் முடிச்சுத்தான்.

அன்று அவனைப் பாராட்டினேன். ஆனால் சிரித்ததற்காக வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. இத்திண்ணையில்தான் சொன்னேன். “இன்றும் அதே முடிச்சுத்தான், ஐயா” என்று கூறி வேறொரு காட்சியைக் காட்டினான்.

சிறுமி கிணற்றடியில் குடத்தை எடுத்து இடுப்பில் வைக்கிறாள். தரையில் இருக்கும்வரை குடம் தரைக்கு உரியது. தொட்டதும் கைக்கு உரியது. பின்னர் இடுப்புக்கு உரியது. மூன்று இடங்களிலும் மூன்று நல்கள். எக்கணத்தில் எதன் கட்டுக்குக் குடம் அடங்க வேண்டும் என்பதை, ஒன்றின் வலிமையைச் சுழியாக்கி மற்றதன் வலிமையை முழுமையாக்கி விதிக்கிறார்கள். கையிலிருந்து இடுப்புக்கு மாறும் அக்கணத்தில் குடம் ஒரு மயிரிழை துள்ளியதைக் கண்டேன். கண்டதைச் சொன்னேன்.

அவன் மறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இடுப்பில் இருந்த நல்லைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்க்கலானான். உள்ளே சாப்பிட அழைத்தார்கள். “இந்தத் துள்ளல் நிற்கட்டும், ஐயா” என்றான்.